மதிலுக்கு உள்ளே விமானம்! மதிலுக்கு வெளியே பருந்து!!

திருச்சி:–

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை.

காந்தி மார்க்கெட்டில் பொரி, கடலை வியாபாரம் ஓய்ந்து, கடைக்குக் கடை பூசணிக்காய் உடைபட்டுக் கொண்டிருந்த நேரம். மாலை 5.40 மணிக்குத் திருச்சியில் இருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலே ஏறியதுமே "ஹைட்ராலிக்" கோளாறு. உள்ளே 141 பேர்.

அப்படியே இறங்கவும் முடியாது. வயிறு நிறைய எரிபொருள். அதைத் தீர்ப்பதற்காகப் புதுக்கோட்டை மாவட்டத்து வானில் விமானம் வட்டமடித்தது. ஒரு மணி நேரம்... இரண்டு மணி நேரம்... ஓடுபாதை ஓரத்தில் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. டீக்கடை டி.வி. முன்னால் கூட்டம். ரெங்கா, முருகா, மாதாவே, அல்லா என்று அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டார்கள்.

இரவு 8.15 மணி வாக்கில் சக்கரம் தரையைத் தொட்டது. 141 பேரும் பத்திரம்!

அன்றைக்குத்தான் திருச்சிக்காரர்களில் பல பேருக்கு உறைத்தது: விமான நிலையம் என்பது ஊருக்கு வெளியே எங்கேயோ இருக்கும் இடம் இல்லை. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான்.

இடிந்த சுவர்

அந்தச் சுவரையும் ஒரு விமானம் இடித்திருக்கிறது.

2018-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். துபாய்க்குக் கிளம்பிய போயிங் விமானம் ஓடுபாதையின் கடைசியில் இருந்த ஆன்டெனா கம்பங்களையும், காம்பவுண்டு சுவரையும் அடிவயிற்றால் இடித்துக் கொண்டே மேலே ஏறிப் போய்விட்டது. பயணிகள் 130 பேர், சிப்பந்திகள் 6 பேர். விடியற்காலையில் மும்பையில் இறக்கிப் பார்த்தபோதுதான் அடிபாகம் கிழிந்திருந்தது தெரிந்தது. 136 பேர் மயிரிழையில் தப்பினர்.

இரண்டு சம்பவத்திலும் பறவைக்குச் சம்பந்தம் இல்லை. குப்பைக்கும் சம்பந்தம் இல்லை. முதலாவது எந்திரக் கோளாறு. அடுத்தது பைலட் அறைக்குள் நடந்த தவறு.

ஆனால் விமானக்காரர்கள் பயப்படும் மூன்றாவது ஆபத்து ஒன்று உண்டு. அது எந்திரத்தில் இருந்து வருவது இல்லை. பைலட் அறையில் இருந்து வருவதும் இல்லை. மாநகராட்சி குப்பைத் தொட்டியில் இருந்து வருகிறது!

முக்கால் கிலோ எமன்

ஊர்ப் பருந்து ஒன்றின் எடை அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோவுக்குள்தான். விமானம் கிளம்பும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முக்கால் கிலோ பருந்து இஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும்? உள்ளே சுழலும் தகடுகள் நொறுங்கும். இஞ்சின் தீப்பிடிக்கும்.

2022-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி பாட்னாவில் அதுதான் நடந்தது. டெல்லிக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் இஞ்சினில் பறவை மோதியது. இறக்கைக்கு அடியில் தீ எரிந்ததைத் தரையில் நின்றவர்களே பார்த்தார்கள். 185 பயணிகளோடு விமானம் திரும்பி வந்து இறங்கியது. பாட்னா விமான நிலையத்தைச் சுற்றியும் திறந்தவெளிக் கறிக்கடைப் பஞ்சாயத்து வெகு நாளாக உண்டு.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 டிசம்பர் 29-ந் தேதி தென் கொரியாவில் முவான் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜெஜு ஏர் விமானத்தில் பறவைகள் மோதின. சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக் கொண்டே போய், ஓடுபாதை முடிவில் ஆன்டெனாவைத் தாங்க எழுப்பிய கான்கிரீட் மேட்டில் மோதி வெடித்தது. உள்ளே இருந்த 181 பேரில் பிழைத்தவர்கள் 2 பேர் மட்டுமே.

திருச்சியில் 2018-ல் சுவர் விட்டுக் கொடுத்தது. முவானில் மேடு விட்டுக் கொடுக்கவில்லை.

பருந்து சும்மா வருமா? கீழே தீனி இருந்தால் வரும். ஆட்டுக் குடல், கோழிக் கழிவு, மீன் செதில், செத்த எலி – இதில் எது கிடந்தாலும் போதும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலே எழும். அதில் இறக்கையை விரித்துக் கொண்டு பருந்தும் சிரமம் இல்லாமல் ஏறும். சாப்பிட்ட இடம் ஒரு தெரு. வட்டமடிக்கும் இடம் நாலு கிலோமீட்டர் தள்ளி. அதற்கு எது ஓடுபாதை, எது கிரிக்கெட் மைதானம் என்று தெரியாது.

பத்து கிலோமீட்டர் வட்டம்

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1937-ம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதி. விமான நிலையத்தின் மையப் புள்ளியில் இருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் யாரும் ஆடு, மாடு அறுக்கக் கூடாது; தோல் உரிக்கக் கூடாது; பறவைகளை இழுக்கும் குப்பை, கழிவு எதையும் போடக் கூடாது. ஓட்டல், கறிக்கடை, மீன்கடை எல்லாவற்றின் பெயரும் அதில் வருகிறது. மீறினால் சிறை, அபராதம். 1934-ம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் கறிக்கழிவும் குப்பையும் குற்றம்தான்.

இப்போது ஒரு வரைபடத்தை எடுத்து, விமான நிலையத்தை நடுவில் வைத்து 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்.

மத்திய பஸ் நிலையம் உள்ளே. பொன்மலை உள்ளே. பாலக்கரை, தென்னூர், தில்லைநகர் உள்ளே. காந்தி மார்க்கெட் உள்ளே. உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட் உள்ளே. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரும் உள்ளே! வட்டம் காவிரிப் பாலத்தையும் தாண்டி, திருவானைக்காவல் பக்கம் வந்துதான் ஓய்கிறது. ஸ்ரீரங்கம் ரெங்கநாதர் கோயில் மட்டும் கொஞ்சம் தள்ளி, கோட்டுக்கு வெளியே.

அதாவது, சட்டப்படி பார்த்தால் ஏறக்குறைய திருச்சி நகரம் முழுவதிலும் ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது!

விதியிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். கழிவைப் பறவை தீண்டாதபடி ஒழுங்காக அப்புறப்படுத்த ஏற்பாடு செய்திருந்தால், டெல்லியில் இருக்கும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். பீமநகர் கறிக்கடைக்காரர் டெல்லிக்கு மனுப் போட்டு, பதில் வந்த பிறகு கத்தியைத் தீட்ட வேண்டும். நடக்கிற காரியமா?

யாருக்கு அதிகாரம்?

வேடிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுவருக்கு உள்ளே இந்திய விமான நிலைய ஆணையத்தின் ராஜ்யம். புல்லை ஒட்ட வெட்டுவது, குட்டையை மூடுவது, புழு பூச்சிக்கு மருந்தடிப்பது, வெடி போட்டுப் பறவையை விரட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் சுவரைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தால், கோழிக் கழிவைக் கொட்டுகிறவனிடம் ஒரு ரூபாய் அபராதம் வாங்கக்கூட அவர்களுக்குக் கை கிடையாது.

சுவருக்கு வெளியே மாநகராட்சி ராஜ்யம். கடைக்கு லைசென்ஸ் அவர்கள் கையில். குப்பை வண்டி, துப்புரவுத் தொழிலாளி, சானிட்டரி இன்ஸ்பெக்டர் எல்லாம் அவர்களிடம். ஆனால் பருந்து விமானத்தில் மோதினால் மாநகராட்சி பதில் சொல்ல வேண்டியது இல்லை. கையும் காலும் ஒருவரிடம், தலைவலி இன்னொருவரிடம்! போதாததற்கு, விமான நிலையத்தைச் சுற்றி மாநகராட்சி வார்டுகள் மட்டும் இல்லை, பஞ்சாயத்துகளும் உண்டு.

இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் ஒரு கமிட்டி. விமான நிலையச் சுற்றுச்சூழல் கமிட்டி என்று பெயர். திருச்சியில் கலெக்டர் தலைமையில் கூடும். ஏர்போர்ட் டைரக்டர் பறவை வருகிறது என்பார். மாநகராட்சித் தரப்பு நடவடிக்கை எடுக்கிறோம் என்பார்கள். டீ, பிஸ்கெட்டோடு கூட்டம் முடியும், குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பு கமிஷனர் ஆபீசில் இருந்து கோட்ட ஆபீசுக்கு இறங்கி, அங்கிருந்து வார்டுக்கு இறங்கி, கடைசியில் ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் தலையில் வந்து விழும். அவர் கறிக்கடைக்குப் போவார். அப்புறம் பேச்சு இந்த ரீதியில்தான் போகும்:

"பாய், கழிவைத் தெருவுல போடாதீங்க. ஏர்போர்ட்ல இருந்து கம்ப்ளெய்ன்ட்."

"ஏர்போர்ட் எங்க இருக்கு, நம்ம கடை எங்க இருக்கு சார்?"

"பருந்து பறந்து போகுது பாய்."

"அப்ப வண்டியை நேரத்துக்கு அனுப்புங்க சார். கடை அடைக்கிறது மதியம் ரெண்டு மணி. வண்டி மறுநாள் காலைல வருது. அதுவரைக்கும் இந்தக் கூடையை நான் வீட்டுக்கா கொண்டு போறது?"

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. லைசென்சுக்குப் பணம் கட்டுகிறவன் வண்டி கேட்கத்தான் செய்வான்.

47 ஏக்கர் விருந்து

கறிக்கடைக் கூடை சில்லறைச் சங்கதி. மொத்த வியாபாரம் நடந்த இடம் அரியமங்கலம்.

தஞ்சாவூர் ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக் கொண்டு கடந்த அந்தக் குப்பைக் கிடங்கு சுமார் 47 ஏக்கர். பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பை முழுவதும் அங்கேதான். விமான நிலையத்தில் இருந்து நேர்க்கோட்டில் 5 கிலோமீட்டர்கூட வராது. பத்து கிலோமீட்டர் தடை வட்டத்தின் நட்ட நடுவில், மாநகராட்சியே நடத்திய மலை! கோடை வந்தால் தீப்பிடிக்கும். புகை நாள்கணக்கில் சுற்றும். காக்கை, கொக்கு, பருந்து என்று மேலே ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும்.

கறிக்கடைக்காரருக்கு நோட்டீசு கொடுத்த மாநகராட்சிக்கு யார் நோட்டீசு கொடுப்பது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு.

ஸ்ரீரங்கத்துக்காரர்களும் இதில் தப்ப முடியாது. முன்பு ஸ்ரீரங்கம் தனி நகரசபை. பொன்மலையும் தனி நகரசபை. 1994-ல் இரண்டையும் திருச்சியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். குப்பையும் ஒன்றாகிவிட்டது. பத்து கிலோமீட்டர் கோட்டுக்கு வெளியே அம்மா மண்டபத்தில் விழுந்த பிண்டச் சோறும், சித்திரை வீதி வீடுகளில் சாப்பிட்டுப் போட்ட வாழை இலையும், லாரி ஏறிக் காவிரியைத் தாண்டி, கோட்டுக்கு உள்ளே அரியமங்கலத்தில் வந்து இறங்கின.

இதில் ஒரு கூத்து: இந்தியாவிலேயே சுத்தமான நகரங்கள் பட்டியலில் 2016-ல் திருச்சிக்கு மூன்றாம் இடம்! மைசூருக்கும் சண்டிகருக்கும் அடுத்தபடி. அப்போதும் அந்த மலை அங்கேயேதான் நின்றது.

மாற்றம் வந்தது கமிட்டிக் கூட்டத்தால் அல்ல என்றே சொல்ல வேண்டும். வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்க ஆரம்பித்தார்கள். மக்கும் குப்பையை வார்டு அளவிலேயே உரமாக்கச் சின்னச் சின்ன உரக்கூடங்கள் வந்தன. அரியமங்கலத்துக்குப் போகும் லாரி குறைந்தது. அப்புறம் கிடங்கில் எந்திரத்தை இறக்கி, பழைய குப்பையைத் தோண்டிச் சலித்தார்கள். மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி. எரியக்கூடியது சிமெண்ட் ஆலைக்கு எரிபொருள். மலை பெருமளவு கரைந்தது. ஆனால் ஒரு பக்கம் சலிக்கச் சலிக்க, இன்னொரு பக்கம் புதுக் குப்பை சேர்ந்தது என்ற புகாரும் கூடவே வந்தது.

பருந்துக்காகச் செய்த வேலை இல்லை அது. நாற்றத்துக்காகவும் புகைக்காகவும் அரியமங்கலத்து ஜனங்கள் போட்ட கூச்சலுக்குச் செய்தது. பலன் மட்டும் ஓடுபாதைக்கும் போனது.

(2025-ல் கம்பரசம்பேட்டையில் காவிரிக் கரையோரம் பறவைகள் பூங்கா திறந்தார்கள். பயப்பட வேண்டாம். அங்கே பறவைகள் வலைக்குள் இருக்கின்றன.)

வரி யார் கட்டுவது?

பெரிய இடத்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அடுத்த கேள்வி காசு. ரோடு, விளக்கு, குப்பை எல்லாம் மாநகராட்சி செலவு. விமான நிலையம் வரி கட்ட வேண்டுமா?

அரசியல் சட்டம் 285-வது பிரிவுப்படி மத்திய அரசுச் சொத்துக்கு உள்ளூர் வரி கிடையாது. நாங்களும் மத்திய அரசுதானே என்று கல்கத்தா டம்டம் விமான நிலையம் வாதாடிப் பார்த்தது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக் கொள்ளவில்லை. மத்திய அரசு வேறு, சட்டப்படி அமைத்த ஆணையம் வேறு. நகரசபைக்கு வரி உண்டு என்று தீர்ப்பு. ஜெயித்தது டம்டம் நகரசபை. நாட்டில் உள்ள மற்ற ஊர்களுக்கும் அது வழி காட்டியது.

ரயில்வே கதை வேறு. அது மத்திய அரசே. அதனால் பொன்மலை ஒர்க்ஷாப் மாதிரி இடங்களுக்கு வீட்டு வரி கிடையாது. ஆனால் செய்த வேலைக்குக் கூலி உண்டு. மத்திய அரசுக் கட்டிடங்கள் வாங்கும் வசதியைப் பொறுத்து, வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு சேவைக் கட்டணம் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவானது.

கோபுரமும் கலரும்

ஸ்ரீரங்கம் குப்பை வட்டத்துக்கு வெளியே என்றாலும் இன்னொரு வட்டத்துக்கு உள்ளே. அது கட்டிட உயர வட்டம், 20 கிலோமீட்டர். விமான நிலையம் கலர் போட்ட வரைபடம் ஒன்றை மாநகராட்சிக்குக் கொடுக்கும். எந்தக் கலரில் எவ்வளவு உயரம் வரை கட்டலாம் என்று அதில் இருக்கும். அடுக்குமாடிக்குப் பிளான் பாஸ் பண்ணும் ஆபீசர் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அளவு மீறினால் விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

இது மட்டும் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. காரணம் எளிது. கட்டிடம் காகிதத்தில் தொடங்குகிறது, நிறுத்தி வைக்கலாம். கோழிக் கழிவு காகிதத்தில் தொடங்குவது இல்லை.

236 அடி ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு 1987-ல் முடிந்தது. அந்த ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் அமைப்பையும் வண்ணத்தையும் பார்த்துத்தான் புதிய விமான முனையத்தை வடிவமைத்தார்கள். 2024 ஜனவரி 2-ந் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்று கணக்கு. ஜூன் 11-ந் தேதி முதல் புழக்கத்துக்கு வந்தது. இவ்வளவு பேருக்கு இடம் போட்டால் விமானமும் கூடத்தான் செய்யும். பருந்தின் வழியில் குறுக்கே வரும் இறக்கைகளும் கூடும்.

சென்னையில் நேர்மாறு

சென்னையில் இதே வழக்கு தலைகீழாக நடந்தது. அங்கே துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரித் தூள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் சோற்றுப் பானை வரை வந்தது. சுவருக்கு உள்ளே துறைமுகம் ராஜா. வெளியே மாநகராட்சி. தூள் மட்டும் இரண்டு பேரையும் கேட்கவில்லை. எத்தனையோ ஆண்டு மனுவுக்குப் பிறகு, 2011-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவால்தான் நிலக்கரி எண்ணூருக்குப் போனது.

அங்கே துறைமுகம் ஊருக்குத் தூசி அனுப்பியது. இங்கே ஊர் விமான நிலையத்துக்குப் பருந்து அனுப்புகிறது. சென்னையில் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. இங்கே பாதிக்கப்படப் போகிறவர் யார்? சிங்கப்பூருக்கு மகனைப் பார்க்கப் போகும் மணப்பாறை அம்மா. துபாயில் இரண்டு வருஷம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பும் லால்குடி கொத்தனார். அவர்கள் எந்தக் கோர்ட்டில் போய், எந்தப் பருந்து மேல் வழக்குப் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை

கமிட்டியில் பேச வேண்டிய விஷயம் இன்னும் ஒன்று மிச்சம். வாரத்தில் கறி அதிகம் விற்பது ஞாயிறு. கழிவு அதிகம் சேர்வதும் ஞாயிறு. அன்று மதியம் கடை சாத்தும் நேரத்துக்கே கழிவை மூடிய வண்டியில் எடுத்துவிட்டால், பருந்துக்கு வேலை இல்லை. அதற்கு டெல்லி அனுமதி வேண்டாம். கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். ஒவ்வொரு கோட்டத்துக்கும் நாலைந்து வண்டி, டிரைவருக்கும் தொழிலாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஓவர்டைம்.

அந்த ஓவர்டைமை மாநகராட்சி கொடுப்பதா, விமான நிலையம் கொடுப்பதா?